கவசம் யாருடையது?

கல்லாய்ச் சமைந்தவர்கள் – வரலாற்றுத் தொடர் – அத்தியாயம் 9

போன வாரம் இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில், டில்கேட் காட்டுக் கல் குவாரியில் விடைபெற்றோம். 1832ஆம் ஆண்டு கோடையில் அங்கே வெடிவைத்துச் சிதறடித்த பாறைத் துண்டுகளை மருத்துவர் கிடியன் மான்டெல் வாங்கிவந்து, பொறுமையாக ஒட்டிச் சேர்த்தார். முதுகெலும்புகள், விலாக்கள், தோளெலும்பு, அவற்றை ஒட்டியே நீண்ட முட்கள், தகடுகள். ஹைலியோசாரஸ் என்று அவர் பெயரிட்ட அந்த விலங்குதான் அறிவியல் உலகம் அறிந்த முதல் கவச டைனோசார்.

மான்டெலுக்கு ஒரு நல்வாய்ப்பு அமைந்திருந்தது. எலும்பும் கவசமும் ஒரே பாறையில், ஒரே உடலின் ஒழுங்கில் கிடந்தன. கவசத் துண்டு மட்டும் தனியாகக் கிடைத்திருந்தால் அது யாருடையது என்று அவரால் சொல்லியிருக்க முடியுமா?

அந்தக் கேள்வியோடுதான் முடித்தோம். விடை தேட இங்கிலாந்தை விட்டு நர்மதைக் கரைக்கு வரவேண்டும். அங்கே ஒரு குன்றின் அடிவாரத்தில் மண்ணைக் கிளறியவர்கள், இந்தியாவுக்கே உரிய ஒரு கவச டைனோசாரைக் கண்டுபிடித்ததாக உலகுக்கு அறிவித்தார்கள். அப்படி ஒரு விலங்கு வாழ்ந்ததுதானா என்ற விசாரணை பல பத்தாண்டுகள் நீடித்தது.

படா சிம்லா குன்று

ஜபல்பூரில் பீரங்கி வண்டித் தொழிற்சாலைக்கு அருகில் இரண்டு குன்றுகள் இருக்கின்றன. ஒன்று படா சிம்லா, மற்றது சோட்டா சிம்லா. நர்மதையின் லமேட்டா படித்துறையின் பெயரால் வழங்கும் ‘லமேட்டா’ பாறை அடுக்குகள் இவற்றின் ஊடாக ஓடுகின்றன. அவற்றின் மேல் தக்காண எரிமலைக் குழம்பு உறைந்த கரும்பாறை. டைனோசார்கள் பூமியில் வாழ்ந்த கடைசிச் சில லட்சம் தலைமுறைகளின் எலும்புகள் இந்த அடுக்குகளில்தான் கிடக்கின்றன. காலம் ஏறத்தாழ 6.6 கோடி முதல் 7 கோடி ஆண்டுகளுக்கு முன்.

இந்த மண்ணுக்குப் பழைய பெருமை ஒன்று உண்டு. தக்கர் கொள்ளைக் கூட்டங்களை ஒடுக்கியதற்காகப் பேர் பெற்ற ஸ்லீமன், 1828இல் கேப்டனாக இருந்தபோது, ஜபல்பூருக்கு அருகே சில எலும்புகளைக் கண்டெடுத்தார். ஆசியாவிலேயே முதன்முதலில் கிடைத்த டைனோசார் எலும்புகள் அவைதான். ‘டைனோசார்’ என்ற பெயரே அப்போது பிறந்திருக்கவில்லை. 1877இல் ரிச்சர்ட் லைடெக்கர் அந்த வால் எலும்புகளுக்கு டைட்டனோசாரஸ் இண்டிகஸ் என்று பெயர் சூட்டினார். நீண்ட கழுத்தும் நீண்ட வாலும் கொண்ட, யானையைவிடப் பலமடங்கு பெரிய தாவர உண்ணி அது. அந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வாரக் கதையின் முடிச்சு அங்கேதான் அவிழப்போகிறது.

1917 முதல் 1919 வரை படா சிம்லாவின் சரிவில் அகழ்ந்தவர் சார்லஸ் ஆல்ஃபிரட் மேட்லி. பின்னாளில் ஜமைக்காவில் அரசுப் புவியியலாளராகப் பணியாற்றியவர். அவர் தோண்டிய ஓர் அடுக்கில் நூற்றுக்கணக்கான எலும்புகள் நெருங்கிக் கிடந்தன. பெரும்பாலானவை ஊனுண்ணி டைனோசார்களுடையவை. அதனால் அந்த அடுக்குக்கே ஊனுண்ணி அடுக்கு என்ற பெயர் நிலைத்தது. ஆனால் எலும்புகள் மூட்டுக் கழன்று, கலைந்து கிடந்தன. வெள்ளம் வடிந்தபின் மதகடியில் பல ஊர்ப் பொருள்கள் ஒன்றாக ஒதுங்கிக் கிடக்குமே, அந்த நிலைதான். பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன என்பதற்காக அவை ஒரே வீட்டுப் பொருள்கள் ஆகிவிடா.

அந்தக் குவியலிலிருந்து மேட்லி ஒரு தொகுதியைப் பிரித்தெடுத்தார். இடுப்புப் பகுதி முதுகெலும்புகள் ஒன்றோடொன்று இணைந்த ஒரு துண்டு, இரண்டு பக்க இடுப்பெலும்புகள், முழங்காலுக்குக் கீழுள்ள தடித்த கால் எலும்பு. இவற்றோடு தோலெலும்புத் தகடுகள். தகடுகள் இருந்தால் கவசம் இருந்திருக்கும். கவசம் இருந்தால் அது கவச டைனோசார். 1923இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் இதழில் அவர் அந்த விலங்கை அறிவித்தார். பெயர் லமேட்டாசாரஸ் இண்டிகஸ்.

எந்த விதத்திலும் அவசரக்காரர் அல்லர் மேட்லி. அன்றைய அறிவில் எவரும் எட்டக்கூடிய முடிவுதான் அது. ஊனுண்ணிக்குக் கவசம் இல்லை. நீள்கழுத்துத் தாவர உண்ணிக்கும் கவசம் இல்லை என்றே எல்லோரும் நம்பினார்கள். அப்படியானால் டைனோசார்களுக்குள் எஞ்சுவது ஆன்கிலோசார், ஸ்டெகோசார் என்ற இரண்டு கவசக் குடும்பங்கள்தாம். குட்டைக் காலும் அகன்ற முதுகும் கொண்டு, தோலில் வரிசை வரிசையாக எலும்புத் தகடு விளைந்த ஆன்கிலோசார். முதுகில் நெட்டுக்குத்தாகப் பலகைகள் நிமிர்ந்த ஸ்டெகோசார். தர்க்கம் சரியாகத்தான் இருந்தது. அதன் அடியில் இருந்த நம்பிக்கைகளில் ஒன்று மட்டும் பொய்.

எது பொய்?

காசியிலிருந்து வந்த கேள்வி

1932இல் மேட்லி மீண்டும் ஜபல்பூர் வந்தார். லண்டனின் பெர்சி ஸ்லேடன் அறக்கட்டளை அந்த அகழ்வுக்குப் பொருளுதவி செய்தது. அடுத்த ஆண்டே, ஜெர்மனியின் டியூபிங்கன் நகரப் பேரறிஞர் ஃபிரெடரிக் ஃபான் ஹியூனே அவரோடு சேர்ந்து எழுதிய பெரிய நூல் வெளிவந்தது. மத்திய இந்தியாவின் டைனோசார்களுக்கு இன்றுவரை அதுவே அடிப்படை நூல். இண்டோசூகஸ், இண்டோசாரஸ் முதலிய ஊனுண்ணிகள் அதில்தான் பெயர் பெற்றன. லமேட்டாசாரசும் கவச விலங்காகவே அதில் இடம்பெற்றது. ஃபான் ஹியூனே அந்நாளில் உலகின் தலைசிறந்த டைனோசார் அறிஞர்களில் ஒருவர். அவர் கையெழுத்திட்ட முடிவை மறுத்துப் பேச யாருக்குத் துணிவு வரும்?

துணிவு காசியிலிருந்து வந்தது. காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் டி. கே. சக்கரவர்த்தி 1935இல் அமெரிக்க அறிவியல் இதழ் ஒன்றில் சில பக்கங்களே கொண்ட கட்டுரையை வெளியிட்டார். தலைப்பே ஒரு கேள்வி: லமேட்டாசாரஸ் இண்டிகஸ் கவச டைனோசார்தானா? இடுப்பையும் காலையும் பாருங்கள், அவை ஊனுண்ணியின் சாயல் கொண்டவை என்பது அவர் வாதம்.

இதில் நாம் நின்று கவனிக்கவேண்டிய ஒரு செய்தி இருக்கிறது. முந்தைய ஆண்டான 1934இல் இதே சக்கரவர்த்தி, சோட்டா சிம்லாவில் கிடைத்த ஒரே ஒரு மேற்கை எலும்பை வைத்து, பிராக்கிபோடோசாரஸ் என்ற கவச டைனோசாரை அறிவித்திருந்தார். அதாவது, அந்த மண்ணில் கவச விலங்கே கிடையாது என்று சாதிக்க வந்தவர் அல்லர் அவர். இருக்கலாம் என்று நம்பியவர்தான். நம்பியவரே இந்த எலும்புகளை எடுத்துப் பார்த்து, ‘இவை பொருந்தவில்லையே’ என்றார். தன் விருப்பத்துக்கு எதிராக எலும்பு பேசும்போது அதற்குச் செவிகொடுப்பதுதான் இந்தத் துறையின் அறம். இந்தியாவில் டைனோசார் ஆய்வின் வரலாறு எழுதப்படும்போதெல்லாம் அந்தச் சிறு கட்டுரைக்கு ஓர் உயர்ந்த இடம் தரவேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

சரி, இடுப்பும் காலும் ஊனுண்ணியுடையவை என்றே வைத்துக்கொள்வோம். தகடுகள்? அவை எங்கிருந்து வந்தன? யாரோ ஒரு விலங்கு அந்தக் கவசத்தைச் சுமந்துதானே திரிந்திருக்கவேண்டும்?

அதற்கான விடை, சக்கரவர்த்தி கேள்வி கேட்பதற்கு 39 ஆண்டுகள் முன்பே அச்சேறிவிட்டது. பார்த்தவர்கள் பலர். நம்பியவர்கள்தாம் அரிது.

மடகாஸ்கர் சொன்ன சாட்சி

1890களில் மடகாஸ்கரின் வடமேற்கே பெட்சிபோகா ஆற்று வட்டாரத்தில் பிரெஞ்சுப் படை அதிகாரிகள் சில எலும்புகளைத் திரட்டித் தாய்நாட்டுக்கு அனுப்பினார்கள். அவற்றை ஆராய்ந்த லியோன் நகரப் பேராசிரியர் சார்ல் டெபெரே 1896இல் தம் முடிவை வெளியிட்டார். எலும்புகளில் நீள்கழுத்து டைட்டனோசாருடையவை இருந்தன. கூடவே கனத்த ஒரு தோலெலும்பும் இருந்தது. டெபெரே இரண்டையும் ஒரே விலங்குக்குக் கொடுத்தார். டைட்டனோசாருக்குக் கவசம் இருந்தது என்பது அவர் கருத்து.

துணிச்சலான கருத்து. அதை வழிமொழிய எளிதில் யாரும் முன்வரவில்லை. உலகில் அதுவரை கிடைத்த எந்த நீள்கழுத்து டைனோசாரிலும் கவசத்தின் அடையாளமே இல்லை. டெபெரேயின் தகடு தனியாகக் கிடைத்த ஒன்று. அதைத் தூக்கி எந்த விலங்கின் முதுகில் வைத்தாலும் ‘இல்லை’ என்று மறுக்க அதற்கு வாயில்லை.

எனவே பழைய நம்பிக்கை தொடர்ந்தது. அதன் விளைவு இன்னொரு கண்டத்திலும் தெரிந்தது. 1929இல் ஃபான் ஹியூனே அர்ஜென்டினாவின் டைனோசார்களைப் பற்றிப் பெருநூல் ஒன்றை எழுதினார். ரியோ நீக்ரோ மாகாணத்தின் சிங்கோ சால்டோஸ் பகுதியில் கிடைத்த தகடுகளை அதில் ஆராய்ந்து, இது ஒரு புதிய கவச டைனோசார் என்று முடிவுகட்டி, லோரிகோசாரஸ் என்று பெயர் வைத்தார். அதே நூலில், அதே நாட்டின் டைட்டனோசார் எலும்புகளையும் அவரே விரிவாக விவரித்திருந்தார். தகடும் அதற்கு உரிய குடும்பமும் ஒரே புத்தகத்தில், சில பக்க இடைவெளியில் இருந்தன. இடையே பாலம் போட ஒரு எலும்புக்கூடு கிடைக்கவில்லை.

தோலெலும்பின் இயல்பே இந்தக் குழப்பத்துக்கு வேர். தொடை எலும்பு இடுப்போடு மூட்டுப் பொருந்தும். விலா முதுகெலும்போடு பொருந்தும். தோலெலும்பு தோலுக்குள்ளேயே விளைகிறது. பெரும்பாலும் வேறு எந்த எலும்போடும் அது இணைவதில்லை. விலங்கு செத்துத் தோல் அழுகிய மறுகணமே அது அனாதையாகிவிடுகிறது. நீரோட்டம் அதை இழுத்துப்போய் வேறொரு பிணத்தின் அருகில் சேர்த்துவிடலாம். 7 கோடி ஆண்டு கழித்து வருகிறவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியும்.

ஆகவே வழக்குத் தீர வேண்டுமென்றால் ஒரே வழிதான். கவசமும் உடலும் பிரியாமல் கிடக்கும் ஓர் இடம் வேண்டும். மான்டெலுக்குக் கிடைத்த அந்த வாய்ப்பு, டைட்டனோசாருக்கும் ஒருமுறை கிடைக்கவேண்டும்.

84 ஆண்டுகள் காத்திருந்தபின் கிடைத்தது.

சால்டாவில் உடைந்த முடிச்சு

வடமேற்கு அர்ஜென்டினாவில் சால்டா மாகாணம். அங்கே எல் பிரெட்டே என்ற இடத்தில் 1970களில் ஹோசே போனபார்ட்டே தலைமையில் அகழ்வு நடந்தது. அவருடன் இணைந்து எழுதியவர் ஹைமே பவல். வெளிப்பட்டவை டைட்டனோசார் எலும்புகள், பல விலங்குகளுடையவை. அவற்றோடு சேர்ந்தே தோலெலும்புகளும் வந்தன. சுமார் 12 சென்டிமீட்டர் அளவுள்ள நீள்வட்டத் தகடுகள், அவற்றுக்கிடையே தோலை நிரப்பிய, ஒரு சென்டிமீட்டருக்கும் சிறிய எலும்பு மணிகள்.

1980இல் இருவரும் அந்த விலங்கைச் சால்டாசாரஸ் என்று அறிவித்தார்கள். டெபெரே சொன்னது மெய்யானது. டைட்டனோசார்களில் சிலவற்றுக்குத் தோலில் எலும்பு விளைந்திருந்தது! லோரிகோசாரஸ் என்ற ‘கவச டைனோசார்’ அந்த நொடியே கேள்விக்குள்ளாகி, மெல்ல டைட்டனோசார் குடும்பத்துக்குள் கரைந்தது.

ஜபல்பூரின் முடிச்சும் இங்கேதான் அவிழத் தொடங்கியது. நினைவிருக்கிறதா, ஸ்லீமன் கண்டெடுத்த எலும்புகள்? டைட்டனோசார் என்ற குடும்பப் பெயரே அந்த ஜபல்பூர் எலும்புகளால் பிறந்தது. மேட்லியின் தகடுகளுக்கு உரிமை கொண்டாடத் தகுந்த விலங்கு அந்த மண்ணிலேயே இருந்திருக்கிறது. 2009இல் மைக்கேல் டெமிக், ஜெஃப்ரி வில்சன், சங்கர் சாட்டர்ஜி ஆகியோர் உலகெங்கும் கிடைத்த டைட்டனோசார் தோலெலும்புகளை ஒப்பிட்டு எழுதினார்கள். இந்தியாவிலிருந்து ஐயத்துக்கு இடமற்ற முதல் டைட்டனோசார் தோலெலும்பும் அந்த ஆய்வில் இடம்பெற்றது.

இடுப்புக்கும் காலுக்கும் உரியவரும் அடையாளம் தெரிந்தார். 1985இல் அர்ஜென்டினாவிலிருந்து ஏபெலிசாரஸ் என்ற ஊனுண்ணி அறிவிக்கப்பட்டது. குட்டை முகமும் தடித்த மண்டையும் கொண்ட அந்தக் குடும்பம் தென்னமெரிக்கா, மடகாஸ்கர், இந்தியா என்று பழைய தென்பெருங்கண்டத்தின் சிதறல்களில் ஆட்சி செய்திருக்கிறது. படா சிம்லாவின் இண்டோசூகசும் இண்டோசாரசும் அந்தக் குடும்பத்தவர்தாம். இவ்வகை ஊனுண்ணிகளில், வளர்ந்த விலங்கின் இடுப்பெலும்புகள் ஒன்றோடொன்று இறுகி இணைந்துபோவதுண்டு. ஆன்கிலோசாரிலும் அப்படியே. பெயர்த்தெடுத்த ஒரு துண்டைப் பார்ப்பவரை இந்த ஒற்றுமை எளிதில் திசைதிருப்பிவிடும். 1980களின் தொடக்கத்தில் குஜராத்தின் ரஹியோலியில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை திரட்டிய எலும்புகளிலிருந்து, 2003இல் ராஜாசாரஸ் என்ற ஏபெலிசார் எழுந்து நின்றது. மண்டையின் பின்பகுதியும் இடுப்பும் காலும் ஒரே விலங்கினுடையவை. ஒப்பிட்டுப் பார்க்க இப்போது ஒரு நம்பகமான சாட்சி இருந்தது.

ஆக, லமேட்டாசாரஸ் என்ற பெயருக்குள் ஒரு விலங்கு இல்லை. ஊனுண்ணியின் இடுப்பும், பெரும்பாலும் டைட்டனோசாருடையது என்று கருதப்படும் தகடும், ஒரே பெயரின் கீழ் சேர்ந்துவிட்டிருந்தன. உயிரோடு இருந்தபோது ஒன்று வேட்டையாடவும் மற்றது வேட்டையாகவும் வாழ்ந்த விலங்குகள் அவை.

மடகாஸ்கரும் இதே பாடத்தை இன்னொரு விதத்தில் படித்தது. தடித்துப் புடைத்த ஒரு மண்டையோட்டுத் துண்டை, முட்டி மோதும் தாவர உண்ணியுடையது என்று கருதி 1979இல் மஜுங்கதோலஸ் என்று பெயரிட்டிருந்தார்கள். 1990களில் அங்கே முழு மண்டை கிடைத்தபோது அது மஜுங்கசாரஸ் என்ற ஊனுண்ணியின் நெற்றி என்று 1998இல் தெளிவாயிற்று.

இவ்வளவையும் படித்தபின் உங்கள் மனத்தில் ஓர் ஐயம் எழும். எலும்புக்கூடு கிடைக்கும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியே இல்லையா? ஒற்றைத் தகடு தானாகவே தன் பிறப்பைச் சொல்லாதா?

சொல்லும். அதை வெட்டிப் பார்க்கவேண்டும்.

தகட்டை வாசிக்கும் கலை

முதலில் கையில் எடுத்துப் பார்ப்போம். மேற்புறம் முழுக்க வட்டக் குழிகள் நெருங்கி, தகடு தட்டையாக இருந்தால் முதல் சந்தேகம் முதலை மீதுதான். பல தொல்லெச்சத் தலங்களில் முதலைத் தகடுகள் மலிந்து கிடக்கும். ஆன்கிலோசார் தகட்டின் மேற்புறத்தில் பொதுவாக நீளவாக்கில் ஒரு முகடு ஓடும். இரத்தக் குழாய்கள் பதிந்த நுண்ணிய வாய்க்கால்கள் தெரியும். திருப்பினால், பலவற்றில் அடிப்புறம் உள்நோக்கிக் குழிந்திருக்கும். டைட்டனோசாருடையதில் அடிப்புறம் வெளியே புடைத்துப் பருத்திருப்பது பரவலான அமைப்பு.

ஆன்கிலோசாரின் சில உறுப்புகளுக்கு இவ்வளவு விசாரணை தேவையில்லை. கழுத்தின் மேற்புறத்தை அணைத்துக்கொள்ளும் அரைவளையம் ஒன்று அதற்கு உண்டு. பல தகடுகள் ஒரு எலும்புப் பட்டையில் இணைந்து உருவானது. வால் நுனியின் எலும்புக் குண்டும் அப்படித்தான். இவற்றில் நல்லதொரு துண்டு கிடைத்தாலே குடும்பம் தெரிந்துவிடும். கடினமானவை முதுகையும் விலாப்புறத்தையும் மூடிய சாதாரணத் தகடுகள். கிடைப்பவற்றில் மிகுதியானவையும் அவைதாம்.

அங்கேதான் மைக்ரோஸ்கோப் வருகிறது. தகட்டைப் பிசினில் அமிழ்த்தி இறுகவிட்டு, வைரம் பதித்த ரம்பத்தால் குறுக்கே அறுக்கிறார்கள். அறுத்த சீவலைக் கண்ணாடியில் ஒட்டி, ஒளி ஊடுருவும்வரை தேய்க்கிறார்கள். கடைசியில் எஞ்சுவது ஒரு மில்லிமீட்டரின் சிறு பங்கு தடிமன். முனைவாக்கிய ஒளியில் அதை வைத்தால், கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அந்தத் தோலுக்குள் ஓடிய நார்களின் தடம் இன்னும் அதே இடத்தில் தெரிகிறது.

டார்ஸ்டன் ஷெயரும் மார்ட்டின் சாண்டரும் 2004இல் ஆன்கிலோசார் தகடுகளை இப்படி அறுத்து ஆராய்ந்தார்கள். எலும்பின் புறணியில் அடர்ந்த நார்க் கற்றைகள் ஒன்றையொன்று குறுக்கிட்டுப் பின்னிக் கிடந்தன. கவசம் தடிமனில்லாமலே உறுதிபெற அந்தப் பின்னல் உதவியிருக்கும். அதன் ஒழுங்கு உட்குடும்பத்துக்கு உட்குடும்பம் மாறுவதையும் அவர்கள் கண்டார்கள். தனித் தகட்டுக்கும் அடையாள அட்டை உண்டு, அது உள்ளே எழுதப்பட்டிருக்கிறது என்பது உறுதியாயிற்று.

அந்த அட்டையின் மதிப்பு 17 ஆண்டு கழித்து வெளிப்பட்டது. மொராக்கோவின் அட்லஸ் மலைப்பகுதியிலிருந்து வந்த ஒரு விலா எலும்பு லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தை எட்டியது. வயது ஏறத்தாழ 16.5 கோடி ஆண்டு. விசித்திரம் என்னவென்றால், அந்த விலாவின் மேலேயே நேராக முட்கள் முளைத்திருந்தன. கவசம் தோலில் விளையும் என்று இப்போதுதானே பார்த்தோம்? விலா எலும்போடு முட்கள் இறுகி இணைந்த வேறொரு விலங்கு, வாழ்வனவற்றிலும் இல்லை, அழிந்தவற்றிலும் இல்லை.

மீனாக இருக்குமோ என்று முதலில் ஐயப்பட்டார்கள். யாரோ ஒட்டவைத்த போலியோ என்றும் ஐயம் எழுந்தது. சிடி ஸ்கேன் எடுத்தார்கள். ஒட்டுப் போட்ட தடயம் இல்லை, எலும்பு மெய்யானது. பின்னர் நுண்சீவலைப் பார்த்தார்கள். குறுக்கும் நெடுக்குமான அந்த ஆன்கிலோசார் நார்ப் பின்னல் கண்ணெதிரே நின்றது. சூசன்னா மெய்ட்மென்ட் தலைமையிலான குழு 2021இல் அதற்கு ஸ்பைகோமெலஸ் என்று பெயரிட்டது. உலகின் மிகப் பழைய ஆன்கிலோசார், ஒரே ஒரு விலா எலும்பின் பலத்தில் அறிவிக்கப்பட்டது. அந்தக் குழுவில் ஷெயரும் ஒருவர்.

ஒற்றை எலும்பை நம்பி இவ்வளவு பெரிய முடிவா என்று ஐயப்பட்டவர்களுக்குக் காலம் விரைவில் பதில் சொன்னது. 2025இல் அதே விலங்கின் எலும்புக்கூட்டுப் பகுதிகள் விவரிக்கப்பட்டன. கழுத்தைச் சுற்றிய எலும்புப் பட்டையில் 87 சென்டிமீட்டர் நீள முட்கள். விலாக்களில் அதே முள் வரிசை. 2021இல் மைக்ரோஸ்கோப் சொன்ன தீர்ப்பு எழுத்துக்கு எழுத்து உறுதியானது.

மேட்லியின் தகட்டையும் மொராக்கோ விலாவையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். முதலாவதில் பக்கத்தில் கிடந்தவை சாட்சியாயின. இரண்டாவதில் எலும்பே சாட்சியாயிற்று. அருகிருப்பது உறவாகாது, உறவுக்கு உடலே சான்று தரவேண்டும் என்பதை இந்தத் துறை கற்றுக்கொள்ள ஒரு நூற்றாண்டு பிடித்தது. அந்தப் பாடத்தில் நம் ஜபல்பூர் எலும்புகளுக்கும் காசிப் பேராசிரியரின் கேள்விக்கும் பங்கு உண்டு என்பது நாம் நெஞ்சு நிமிர்த்திச் சொல்லவேண்டிய செய்தி.

டைட்டனோசார் தகடும் தன் பங்குக்கு ஒரு வியப்பை வைத்திருந்தது. மடகாஸ்கரின் ராப்பெட்டோசாரஸ் என்ற டைட்டனோசாரின் தோலெலும்பு ஒன்றை 2011இல் கிறிஸ்டினா கரி ராஜர்ஸ் குழுவினர் ஆராய்ந்தார்கள். கன அளவு ஏறத்தாழ 9.6 லிட்டர். வளர்ந்த விலங்கின் அந்தத் தகட்டுக்குள் பெரிய வெற்றிடம் இருந்தது. உட்பக்க எலும்பைக் கரைத்து உடலே உறிஞ்சியிருக்கிறது. வறட்சியின்போதும் முட்டையிடும்போதும் தேவைப்படும் தாதுக்களைச் சேமித்துவைத்த களஞ்சியமாக அது இருந்திருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. மேட்லி காலம்தொட்டு எல்லோரும் கேடயம் என்று எண்ணியது, தாயின் உடலில் இருந்த சுண்ணாம்புச் சேமிப்பாக இருக்க வாய்ப்பிருக்கிறது.

அரியலூர் அழைக்கிறது

அப்படியானால் இந்தியாவில் மெய்யான கவச டைனோசார் இருந்ததா, இல்லையா?

கோதாவரிப் பள்ளத்தாக்கின் கோட்டா பாறைகளில் கிடைத்த தகடுகளை 2019இல் பீட்டர் கால்டன் ஆன்கிலோசாருடையவை என்று அடையாளம் காட்டியிருக்கிறார். 1996இல் சங்கர் சாட்டர்ஜியும் டி. கே. ருத்ராவும் குஜராத்தின் ரஹியோலியில் ஆன்கிலோசார் எலும்புகள் கிடைத்ததாக அறிவித்தார்கள். ஆனால் அதே 1996 கட்டுரையில் அவர்கள் இன்னொரு செய்தியையும் சொன்னார்கள். அது இந்தியாவின் மிகப் புகழ்பெற்ற கவச டைனோசார் ஒன்றின் அடித்தளத்தையே அசைத்தது.

அந்த டைனோசார் நம் ஊர்க்காரர்.

1979ஆம் ஆண்டு. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் யாதகிரியும் அய்யாசாமியும் அரியலூர் வட்டாரத்துப் பாறைகளிலிருந்து ஒரு மண்டைத் துண்டையும் பல்லையும் இடுப்பெலும்புகளையும் பலகை போன்ற தகடுகளையும் உலகின் முன் வைத்தார்கள். முதுகில் பலகைகள் நிமிர்ந்த ஸ்டெகோசார் இது என்றார்கள். அவர்கள் வைத்த பெயர் திராவிடோசாரஸ். பாறையின் வயது ஏறத்தாழ 8.8 கோடி ஆண்டு. உலகின் மற்ற பகுதிகளில் ஸ்டெகோசார்கள் அற்றுப்போய் ஒரு கோடி ஆண்டுகளுக்கும் மேல் கழிந்த காலம் அது. அப்படியென்றால் உலகின் கடைசி ஸ்டெகோசார் தமிழ் மண்ணில் நடந்திருக்கவேண்டும்!

ஆனால் அந்தப் பாறை, கடலுக்கடியில் படிந்த பாறை. அம்மோனைட் சிப்பிகள் நிறைந்தது. சாட்டர்ஜியும் ருத்ராவும் அந்த இடத்துக்கே நேரில் சென்று பார்த்தார்கள். திரும்பி வந்து அவர்கள் சொன்னது இதுதான்: அங்கே கிடப்பவை தரையில் நடந்த விலங்கின் எலும்புகளே அல்ல, துடுப்புக் கால்களால் கடலில் நீந்திய ப்ளீசியோசாரின் எலும்புகள்.

தரை விலங்கா, கடல் விலங்கா? கண்டுபிடித்தவர் தம் எலும்புகளைக் கைவிட்டாரா, அல்லது மீண்டும் வாதாட வந்தாரா?

அடுத்த வாரம் அரியலூரில் சந்திப்போம்.

(தொடரும்)